இருபது தார்

நெசவு நூல் சுற்றிய குச்சிகள் வைக்கும் என் மனைவியின் தார்க்கூடையில் ஒரு காலத்தில் இருபது தார்களுக்கு மேல் இருந்ததில்லை. அந்த எண்ணிக்கையை மாற்றியவன் நான். 1975, புரட்டாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி என்று குறிப்பேட்டில் இருக்கிறது. அப்போது அதை நல்ல காரியமாக நினைத்து, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது. கிழிக்கவில்லை. குறிப்பு எழுதுகிறவன் தனக்குச் சாதகமான நாட்களை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடும் மச்சான் வீடும் ஒட்டியவை. கொல்லைப்பக்கச் சுவரில் ஒரு சின்ன வாசல் வைத்து, தெருவுக்கு வராமலே இரண்டு வீட்டாரும் போய்வருவோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். தரையில் குழி வெட்டி, அதில் கால் வைத்து உட்காருகிற குழித்தறியில் அவர் நெய்வார். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மனைவி மறுகரைக்கான நாடாவை, அதாவது நூலை ஓட்டும் கட்டையை, வாங்கித் திருப்பி விடுவார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோத்து, கோர்வையாக நெய்ய இரண்டு பேர் வேண்டும். என் மனைவி எங்கள் வீட்டு முன்னறையில் ராட்டையோடு உட்கார்ந்து அவர்களுக்கு ஊடை சுற்றிக் கொடுப்பாள். எனக்குத் தறி தெரியாது. என் தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். நான் சென்னையில் ஒரு கணிப்பொறிப் பிரிவில் வேலை பார்த்தேன். காலை பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புவேன். வாரத்தில் ஞாயிறு மட்டுமே நான் காஞ்சிபுரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த நாள் என்று மச்சான் சொல்வார்.

அந்த வருஷம் மச்சானின் ஒரே மகளுக்கு ஐப்பசிக் கடைசி வாரத்தில், ஒரு புதன்கிழமை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரில் எத்தனையோ பெண்களின் முகூர்த்தப் புடவை அவர் தறியிலிருந்து இறங்கியிருக்கிறது. சொந்த மகளுக்கு இதுதான் முதலும் கடைசியும். நீளவாட்டில் ஓடும் நூலான பாவு, அரக்கு நிறத்தில் ஒன்றை, இரண்டு புடவைக்கு வருகிற நீளத்தில் தறியில் ஏற்றினார். முதல் புடவை அவர் மனைவிக்கு, இரண்டாவது மணப்பெண்ணுக்கு. ஊடைப் பட்டு மட்டும் ஒரே சமயத்தில் கிடைக்கவில்லை. முதல் புடவைக்கானதை ஆவணி வெயிலில் சாயம் தோய்த்துக் காயவைத்தார்கள். இரண்டாவதற்கானதைப் புரட்டாசியில் வேறு தொட்டியில் தோய்த்தார்கள். இரண்டும் அரக்குதான். ஒரே தொட்டியில் ஒரே நாளில் தோயாத இரண்டு அரக்கு ஒருபோதும் ஒன்றாகாது என்பது அந்தத் தெருவில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

தார் என்பது விரல் நீளக் குச்சி. புடவையின் குறுக்கே ஓடும் நூலை, அதாவது ஊடையை, அதில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள். நாடா பாவுக்குள் போய்வரப் போய்வர நூல் அவிழ்ந்து தீரும். தீர்ந்த குச்சியைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு, நிறைந்த தார் ஒன்றை எடுத்து வைத்து மறுபடி ஓட்ட வேண்டும். டப்பாவில் நாலைந்து காலிகள் சேர்ந்ததும் அது கொல்லை வழியாக எங்கள் வீட்டுக்கு வரும். என் மனைவி சுற்றி நிறைத்துக் கூடையில் திருப்பி அனுப்புவாள். மொத்தம் இருபது குச்சி. காலி வராவிட்டால் அவள் ராட்டையைத் தொடமாட்டாள். உலை வைப்பாள், துணி துவைப்பாள், ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள்.

அவள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் என் கண்ணை உறுத்தியது. அதற்குக் காரணம் என் அலுவலகம்.

அங்கே நான் எழுதிக்கொண்டிருந்த நிரல் கேட்பதற்கு எளிமையானது. தேர்வு எழுதிய மாணவர்களின் பெயரும் எண்ணும் துளையிட்ட அட்டைகளில் வரும். ஒரு எந்திரம் அட்டைகளைப் படிக்கும். இன்னொரு எந்திரம் பெயர்களைப் பட்டியலாக அச்சடிக்கும். ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருந்தால் பாதி நேரம் இரண்டுமே தூங்கும் என்பதால், இரண்டையும் அதனதன் போக்கில் ஓடவிட வேண்டும் என்று உத்தரவு. படிக்கிற பகுதி, படித்த பெயர்களைக் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். அச்சடிக்கிற பகுதி அங்கிருந்து தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். கடைசி இடத்துக்கு வந்ததும் படிக்கிற பகுதி மறுபடி முதல் இடத்திலிருந்து தொடங்கும்.

ஐம்பது பெயருக்கு இடம் ஒதுக்கினேன். முதல் பெரிய ஓட்டத்தில் பட்டியலில் பல பெயர்களைக் காணவில்லை. அட்டை படிக்கும் எந்திரம் அச்சு எந்திரத்தைப் போல் இரண்டு மடங்கு வேகம். அச்சாகாமல் காத்திருந்த பெயர்களின் மேலேயே புதிய பெயர்கள் விழுந்து அழித்துவிட்டன. எந்திரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. இடத்தை நூறாக்கினேன். பிறகு நானூறாக்கினேன். ஐந்நூறு அட்டைகளை வைத்துச் சோதித்தபோது ஒரு பெயரும் குறையவில்லை. என் மேலதிகாரி கைகொடுத்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். அது ஆவணிக் கடைசி சனிக்கிழமை.

அந்த நெஞ்சு நிமிர்வோடுதான் புரட்டாசி முதல் ஞாயிறு வந்தது. மச்சான் யாரோ விருந்தாளியோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார், தறி நின்றிருந்தது. என் மனைவியின் ராட்டையும் நின்றிருந்தது. சாயங்காலம் தறி ஓடத் தொடங்கியதும் காலிகள் மளமளவென்று வரும், அவள் சமையலை விட்டுவிட்டு ஓடிவருவாள், அப்புறம் அடுப்பில் ஏதாவது தீயும். இருக்கிற ஓய்வில் முன்கூட்டியே சுற்றி வைத்தால் என்ன? கடைசல் பட்டறைக்குப் போய், முன்பே சொல்லிவைத்திருந்த அறுபது புதுக்குச்சிகளை வாங்கிவந்து அவள் முன்னால் கொட்டினேன்.

"இன்னாங்க இது?"

"இனிமே நீ காலிக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேணாம். எப்ப நேரம் கிடைக்குதோ அப்ப சுத்திப் போட்டுடு."

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "குச்சி நல்லாத்தான் இருக்குது. இத்தினி எதுக்கு? அண்ணனுக்கு நாலு கையா இருக்குது?"

மச்சான் எட்டிப் பார்த்தார். "அடடா, மாப்ள மெட்ராஸ் மூளைய நம்ம வூட்டுக்கே இட்டாந்துட்டாருமா. எண்பது தாரு! நான் இனிமே தறிய வுட்டு எழுந்திரிக்கவே முடியாதா?"

"நீங்க எழுந்திரிங்க மச்சான். தார் தயாரா இருக்கும், அவ்வளவுதான்."

"சரி சரி. நாடா எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியாத மனுசன் சொல்றாரு, கேட்டுக்கலாம்." அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். சமையல் தீயவில்லை. காலை நேரத்திலேயே என் மனைவி முப்பது நாற்பது தார் சுற்றிவிடுவாள். கூடை போதவில்லை, ஒரு பழைய பித்தளைத் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டாள். மச்சானின் தறிக்குப் பக்கத்தில் தாம்பாளம் மினுங்கிக்கொண்டிருந்தது. தார் இல்லை என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. குறிப்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் நான் கோடு போட்டது அப்போதுதான்.

புரட்டாசிக் கடைசியில் அவர் மனைவியின் புடவை முடிந்தது. அதே பாவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மகளின் புடவையைத் தொடங்கினார். முந்தியை முதலில் நெய்தார். இரண்டு முழம், ஜரிகை நிறைய. அதற்கப்புறம் உடல். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் சேறு, வீட்டுக்குள் மங்கல். தறிக்கு மேல் தொங்கிய மஞ்சள் பல்பு வெளிச்சத்திலேயே அவர் நெய்தார்.

ஐப்பசி பிறந்த மறு வாரம் ஒரு சனிக்கிழமை, அபூர்வமாக எனக்கு அலுவலகம் விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு மேல் மேகம் விலகி வெயில் வந்தது. பல நாள் கழித்து வந்த வெயில் என்பதால் மச்சானின் மகள் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தாள். வெயில் சாய்வாகத் தறிமேல் விழுந்தது. அவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, இங்க வந்து பாருப்பா."

"இன்னாமா?"

"இங்க. நான் நிக்கிற எடத்துல இருந்து பாரு."

மச்சான் குழியிலிருந்து ஏறி ஜன்னல் பக்கம் போய் நின்றார். நானும் போய் நின்றேன். முந்தி முடிந்து உடல் தொடங்கிய இடத்திலிருந்து இரண்டு முழ நீளத்துக்கு, நாலு விரல் அகலத்தில், இரண்டு விரல் அகலத்தில், குறுக்கே குறுக்கே பட்டைகள். ஒன்று கொஞ்சம் கறுத்த அரக்கு, ஒன்று கொஞ்சம் சிவந்த அரக்கு. தறியில் உட்கார்ந்து நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. பத்தடி தள்ளிப் போனால் மறைக்க முடியவில்லை.

என் மனைவி தாம்பாளத்தை ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். ஏறக்குறைய எழுபது தார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முதல் புடவை முடிந்தபோது அதன் ஊடை முப்பத்தைந்து தார் அளவுக்குச் சுற்றியபடியே மிஞ்சியிருந்திருக்கிறது. காலிக் குச்சி வேறு தாராளமாக இருந்ததால் அவற்றை அவிழ்க்காமல், அதன் மேலேயே புது ஊடைத் தார்களைச் சுற்றிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். மச்சானின் மனைவி கைக்கு வந்ததை எடுத்து நாடாவில் வைத்திருக்கிறார். இதுநாள்வரை ஒரு புடவை முடியப்போவது காலிகள் வருகிற கணக்கிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், கூடையில் மூன்று நான்கு தார்தான் மிஞ்சும். அவற்றை அவிழ்த்துச் சிட்டமாக்கி, அதாவது நூல் கற்றையாக்கி, கட்டி வைப்பாள், அடுத்த ஊடை காலிக் குச்சியில் தொடங்கும். எந்தத் தார் எந்தச் சாயம் என்று அடையாளம் வைக்கவேண்டிய அவசியமே அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. அதனால் அந்தப் பழக்கமும் இல்லை.

மச்சான் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "நானே நெய்ஞ்சேன், என் கண்ணுக்கே தெரியல" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மணப்பெண் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "வுடுப்பா. இத்தோடவே கட்டிக்கிறேன். தாலி கட்டும்போது எவன் புடவைய பாக்கப்போறான்?"

"எவன் பாக்கப்போறானா? மாப்ள வூட்ல நாலு தறி ஓடுதும்மா. அந்த வூட்டு ஆம்பள பொம்பள எல்லாரும் தாலிய பாக்கமாட்டாங்க, உன் முந்தியதான் பாப்பாங்க. பத்தடியில கண்டுபுடிச்சுடுவாங்க. அப்பறம் ஆயுசுக்கும், பட்டை வுழுந்த புடவையில வந்த பொண்ணுன்னு உனக்குப் பேரு."

அவர் சொன்னது மிகையில்லை. முந்தியை ஒட்டிய அந்த இரண்டு முழம்தான் தோளிலும் மார்பிலும் வரும் இடம். வேறு புடவை வாங்கிக் கட்டுவது என்ற யோசனையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நெய்கிறவர் மகள் கடைப் புடவையில் மணையில் உட்கார்ந்தால் அதற்கு இன்னொரு பெயர் வைப்பார்கள்.

நான் விரல் விட்டு எண்ணினேன். சனிக்கிழமையிலிருந்து அந்தப் புதன்கிழமைக்குப் பதினெட்டு நாள். பட்டை விழுந்த இரண்டு முழத்தைப் பிரிக்க இரண்டு நாள். பிறகு உடல் பன்னிரண்டு முழம், நாளைக்கு ஒரு முழம். நடுவில் தீபாவளி, அதை ஒட்டிய அமாவாசை என்று இரண்டு நாள் எந்தத் தறியும் ஓடாது. கையில் மிஞ்சுவது இரண்டே நாள், மழை இடம்கொடுத்தால்.

"நாள் போதும் மச்சான்" என்றேன்.

"நாளு போதும். பட்டு போதுமா?" என்றார். பிரித்தெடுக்கிற ஊடை துண்டு துண்டாகத்தான் வரும், மறுபடி உதவாது. அதில் வீணாகிற புது ஊடைக்கு ஈடாக அதே சாயம் இனிக் கிடைக்காது.

அன்றும் மறுநாளும் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். மச்சானும் அவர் மனைவியும் பிளேடை வைத்துக்கொண்டு, பாவு இழை ஒன்றுகூட அறுபடாமல் ஊடையை மட்டும் கத்தரித்து, இழை இழையாக உருவினார்கள். என்னை அந்தப் பக்கமே விடவில்லை. நானும் என் மனைவியும் மணப்பெண்ணும் தார்களைத் தரம் பிரித்தோம். ஒவ்வொரு தாரிலும் ஒரு முழ நூலை இழுத்து, ஜன்னலடியில் விரித்த வெள்ளை வேட்டிமேல் போட்டு, வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் வந்ததும் அந்தப் பெண் ஒரே பார்வையில் "பழசு", "புதுசு" என்பாள். மேகம் மூடினால் கையைக் கட்டிக்கொள்வோம்.

"சூரியன்கூட நம்ம மாமா பேச்ச கேக்கமாட்டேங்குது" என்றாள் மணப்பெண்.

"அதுக்கும் அறுபது வாங்கிக் குடுத்தா கேக்கும்" என்றாள் என் மனைவி. அதுவரை என்னோடு பேசாமல் இருந்தவள் அவள்.

பிறகு கையில் இருந்த தாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காலி வராதப்ப நான் சும்மா குந்திக்கினு இருக்க வேணாம்னீங்களே. நான் சும்மா குந்தல. காலி வரலன்னா அங்க அண்ணன் நிறுத்திக்கினு கீதுன்னு அர்த்தம். இழை அறுந்துச்சோ, ஆளு வந்துச்சோ, ஏதோ ஒண்ணு. நான் போய்க் கேக்கவேணாம், அது வந்து சொல்லவேணாம். குச்சியே சொல்லும். நீங்க குச்சியக் கொட்டின அன்னிலேர்ந்து அங்க இன்னா நடக்குதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. நான்பாட்டுக்குச் சுத்திக்கினே இருந்தேன்."

வேட்டிமேல் கிடந்த பழைய அரக்கு நூலையும் புது அரக்கு நூலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறு இடம் ஒதுக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஐந்நூறு அட்டைக்குத் தாங்கியது. ஆயிரம் அட்டைக்குத் தாங்குமா? படிக்கிற வேகம் இரண்டு மடங்கு என்றால், எண்ணூறாவது அட்டைக்கு மேல் மறுபடியும் பெயர்கள் அழியும். இடத்தை இரட்டிப்பாக்கினால் கோளாறு வருகிற நேரம் இரட்டிப்பாகத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கோளாறு எங்கும் போகாது. தீபாவளி கழிந்து வரப்போகிற அட்டைகள் பல ஆயிரம். படிக்கிற பகுதிக்கு, அச்சடிக்கிற பகுதி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் ஒரு வழியும் வைக்கவில்லை. வீட்டில் இருந்த வழியையும் அடைத்துவிட்டேன்.

நூலகத்தில் கிடைத்த கணிப்பொறி இதழ்கள் சிலவற்றில் இந்தச் சிக்கலைப் பற்றிப் படித்திருந்தேன். ஆக்குபவன், நுகர்பவன், நடுவில் அளவான ஒரு களஞ்சியம். குறியீடுகளும் சமன்பாடுகளுமாக இருந்த அந்தக் கட்டுரையைப் புரிந்துகொண்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். களஞ்சியம் 'அளவானது' என்று அதில் ஏன் அத்தனை முறை சொல்லியிருந்தார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. நிரம்பிய களஞ்சியம் போடுகிறவனை நிறுத்திவைப்பதை இன்று அந்த வேலைக்குப் போகிற இளைஞர்கள் பேக்பிரஷர் என்கிறார்கள். அதற்கென்று ஆயத்த வசதிகள் எல்லாம் இருக்கின்றனவாம். நாங்கள் கையால்தான் கட்டவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு பழைய அட்டையின் பின்புறத்திலேயே எழுதிப் பார்த்தேன். இடத்தை நானூறிலிருந்து முப்பதாகக் குறைத்தேன். தொடக்கத்தில் முப்பது காலி இடம் என்று ஓர் எண்ணை வைத்தேன். படிக்கிற பகுதி ஓர் அட்டையைப் படிக்கும்முன் அந்த எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எண் பூஜ்யமானால் நிற்க வேண்டும். அச்சடிக்கிற பகுதி ஒரு பெயரை அடித்து முடித்ததும் ஒன்றைக் கூட்ட வேண்டும். நிற்பவனை எழுப்பிவிட வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பகுதியும் அந்த எண்ணைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த வாரம் முழுவதும் பிடித்தது. இடத்தைக் குறைத்திருக்கிறேன் என்று சொன்னதும் மேலதிகாரி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மூவாயிரம் அட்டைகளை வைத்து ஓட்டினோம். எந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ஊழியர் சிறிது நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

"சார், கார்டு ரீடர் நின்னு நின்னு போவுது. மெக்கானிக்கக் கூப்புடவா?"

"வேணாம்பா. அது பிரிண்டருக்காக நிக்குது."

"ஸ்பீடு போச்சே சார்?"

"பேரு போகலையே."

பட்டியல் முடிந்ததும் கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயர் வரை சரிபார்த்தோம். மூவாயிரமும் இருந்தன. மொத்த நேரமும் முன்பு ஆனதுதான். அச்சு எந்திரத்தைவிட வேகமாக அந்த வேலை என்றைக்கும் முடிந்திருக்க முடியாது என்பதை அந்த ஊழியரே கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னார்.

வீட்டில் அப்படி ஒன்றும் நிச்சயமாகவில்லை. என் மனைவி அறுபது புதுக்குச்சிகளிலும் இருந்த நூலை அவிழ்த்துச் சிட்டமாக்கிவிட்டு, அவற்றைத் துணியில் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். இருபதிலும் பத்தைத்தான் ராட்டைக்கு வைத்தாள். மற்றப் பத்தும் பழைய சாயத்துத் தார்களாகவே தனியாக ஒரு டப்பாவில் மூடி போட்டு நின்றன. ஒரு நாள் மழையில் பாவு ஈரம் கோத்து, அரை முழம்கூட நகரவில்லை; அன்று காலி வரவேயில்லை. அவள் ராட்டையை ஓரமாக நகர்த்திவிட்டு, மணப்பெண்ணுக்குத் தலைபின்னிவிட்டாள். இன்னொரு நாள் வெயில் வந்தது. ஒன்றேகால் முழம் போனது. நான் மாலையில் பஸ் விட்டு இறங்கியதும் முதலில் மச்சான் வீட்டுக்குப் போய், நெய்தது எத்தனை முழம், மிஞ்சிய புது ஊடை எத்தனை தாருக்கு வரும் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். முழத்துக்குப் பத்துத் தார். ஏழு முழம் பாக்கி இருந்தபோது அறுபத்து நாலு தாருக்குத்தான் பட்டு இருந்தது.

"ஆறு குறையுது மச்சான்."

"மாப்ள, நீ எழுதி எழுதி அத ஆறாவே வெச்சிருக்கிற. கொஞ்சம் கூட்டி எழுதேன்."

"கொஞ்சம் இளக்கமா தட்டி நெய்யலாமா?" என்று மச்சானின் மனைவி கேட்டார். மச்சான் அவரைப் பார்த்த பார்வையில் அவரே, "சரி, நான் ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டார்.

கடைசி முழத்தில் வழி கண்டுபிடித்தவர் மச்சான்தான். புடவையின் முடிவு, முதல் சுற்றில் இடுப்பில் சொருகும் முனை. கட்டியபிறகு அதன்மேல் இரண்டு சுற்று வந்துவிடும். அங்கே மட்டும் பழைய சாயத்தை வேண்டுமென்றே ஓட்டுவது; நடுவில் பட்டை பட்டையாக இல்லாமல், ஒரே கோட்டில், முக்கால் முழத்துக்கு. மூடி வைத்த டப்பாவை அவரே திறந்தார். திங்கட்கிழமை மதியம் புடவை தறியிலிருந்து இறங்கியது. கல்யாணத்துக்கு இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் இருந்தது. மழை இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமையில் புடவையை மடித்து, பலகைக்கு அடியில் வைத்து, மேலே என்னையும் சிறிது நேரம் உட்காரச் சொன்னார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் தறிக்குச் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்றார் மச்சான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் கூறைப்புடவையைத் தாம்பாளத்தில் வைத்துப் பெரியவர்களிடம் காட்டினார்கள். பெண்ணுக்குப் புடவை கட்டிவிட அழைத்துப்போகும்போது மாப்பிள்ளையின் அத்தை கூடவே உள்ளே போனார். அவரும் தறியில் உட்காருகிறவர்தான். திரை போட்ட அறைக்குள் புடவையை விரித்ததும் அவர் முந்தியைத்தான் முதலில் பிடித்தாராம். ஜன்னலுக்குக் கொண்டுபோனாராம். சாய்த்துப் பார்த்தாராம். இதையெல்லாம் உள்ளே இருந்த என் மனைவி பிறகு சொன்னாள். நானும் மச்சானும் திரைக்கு வெளியே நின்றிருந்தோம். மச்சான் வெற்றிலையை மென்றாரே தவிர விழுங்கவில்லை.

"ஏன் அண்ணே" என்று உள்ளிருந்தே அந்த அம்மாவின் குரல் வந்தது. "முந்தி நல்லா வந்திருக்குது. கோர்வை நல்லா வந்திருக்குது. உள்முனையில இன்னா, பட்டு பத்தலையா?"

மச்சான் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து உரக்கவே சொன்னார்: "பத்துச்சும்மா. எங்க தங்கச்சி வூட்டுக்காரருக்குத்தான் தாரு பத்தல. வேணும்னா அவரையே கேளு, நிமிசக் கணக்கா எழுதி வெச்சிருக்காரு."

உள்ளே பெண்கள் சிரித்த சத்தம் வந்தது. அந்த அம்மாவும் சிரித்தார். "எங்க வூட்லயும் பட்டை வுழுந்தது ஒண்ணு இருக்குது அண்ணே, இன்னும் பிரிக்காம பொட்டியில கெடக்குது. நீங்க பிரிச்சு நெய்ஞ்சிருக்கீங்க. பொண்ணே, கையத் தூக்கு."

சிறிது நேரத்தில் திரை விலகியது. உள்முனை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைத் தாண்டி அந்தப் பெண் கூடத்துக்கு வந்தபோது தோளிலிருந்து கால்வரை புடவை ஒரே அரக்காக இருந்தது. மச்சான் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இன்னும் பத்தடி போனார். யாரோ ஒருவர் அவரை, மணமேடை அந்தப் பக்கம் இல்லை என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.